அறுபத்தொரு குவேஸார்களும் ஒரு சாய்ந்த கோடும்

பவுனுவின் ஐந்து வருட ஆராய்ச்சியைக் கவிழ்த்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவளுடைய கணவன் கேட்ட ஒரு கேள்வி. கேட்டவன் பேராசிரியன் இல்லை. வானியலில் ஒரு பாடம்கூடப் படித்தவன் இல்லை. விமானப்படையில் ராடார் பழுதுபார்க்கும் சார்ஜென்ட், பெயர் ராஜவேல். கேட்ட நேரத்தில் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். கெடுதல் நினைத்துக் கேட்கவில்லை, பாவம்.

டெல்லி முனிர்காவில் நாலாவது மாடியில் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர் குளிக்கப் போகிறாரா, குளித்துவிட்டாரா என்பதுவரை தெரிந்துவிடும், அதனால் திறப்பதில்லை. பவுனுவின் பல்கலைக்கழகம் நடந்து போகிற தூரம் என்பதற்காகவே எடுத்த அறை அது. ராஜவேல் தினமும் பாலம் விமானத்தளத்துக்கு பைக்கில் போய்வந்தான். இருவருக்கும் ஊர் அரூர்ப் பக்கம். கல்யாணமாகி ஆறு வருடத்தில் ஒரே கூரையின் கீழ் இருந்தது இரண்டரை வருடம்தான். மற்றதெல்லாம் அவன் ஜாம்நகரிலும் அவள் டெல்லியிலுமாகப் போனில் நடத்திய குடித்தனம்.

இப்போது அவனுக்கு அஸ்ஸாமில் ஜோர்ஹாட்டுக்கு மாற்றல் வந்திருந்தது. மனைவியின் படிப்பைக் காரணம் காட்டி, மார்ச் கடைசிவரை தள்ளிப்போட அனுமதி வாங்கியிருந்தான். பிப்ரவரியில் அவள் ஆய்வேட்டைக் கொடுத்துவிடுவாள். ஏப்ரலில் இருவரும் சேர்ந்து ஜோர்ஹாட் போய்விடுவார்கள். வாய்மொழித் தேர்வுக்கு மட்டும் அவள் வந்து போவாள். எந்தப் பாத்திரத்தை எந்தப் பெட்டியில் கட்டுவது என்பதுவரை பேசியாகிவிட்டது. இனிமேல் தனித்தனியாக இருக்கப்போவதில்லை என்று இருவரும் மனப்பூர்வமாக நம்பினார்கள்.

நடுவில் ஒரு படிதான் பாக்கி. ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் துறையில் எல்லோர் முன்னாலும் நின்று பேச வேண்டும். அதற்கு இன்னும் பதினோரு நாள். அன்று அதற்குத்தான் ஒத்திகை. ராஜவேல்தான் சபை.

அவள் பேசிய விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரம்மாண்டமான கருந்துளைகள் விண்மீன் மண்டலங்களின் நடுவில் உட்கார்ந்துகொண்டு வாயுவை விழுங்குகின்றன. விழுங்கும் வேகத்தில் அந்த வாயு கொதித்து, மண்டலத்து நட்சத்திரங்கள் எல்லாம் சேர்ந்து தரும் வெளிச்சத்தையே தோற்கடிக்கிறது. அதுதான் குவேஸார். பத்தில் ஒரு குவேஸார் ரேடியோ அலைகளில் ஊரைக் கூட்டும். கருந்துளையிலிருந்து பீய்ச்சியடிக்கும் தாரைகள்தான் அதற்குக் காரணம் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. மீதி ஒன்பதுக்கும் ஊமை என்று பெயர். ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் அந்த ஊமைகளும் முணுமுணுக்கின்றன. முணுமுணுப்பு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சண்டை. பிறந்து, வெடித்துச் சாகும் நட்சத்திரங்களிலிருந்து என்கிறது ஒரு கட்சி. குட்டித் தாரை என்கிறது இன்னொன்று. கருந்துளையை ஒட்டிய சூடான மேகம் என்கிறது மூன்றாவது. குவேஸாரிலிருந்து வீசும் காற்று சுற்றுப்புற வாயுவில் போய் மோதும் இடம் என்கிறது நாலாவது. பவுனு நாலாவது கட்சி. போன வருடம் அவள் பெயரை முதலாவதாகப் போட்டு ஒரு கட்டுரை வந்த பிறகு, அந்தக் கட்சியின் டெல்லிக் கிளைக்கு அவளே தலைவி என்று சொல்லிவிடலாம்.

அவள் காட்டிய சாட்சி, குரலின் கனம். ஒரு குவேஸாரைத் தாழ்ந்த அலைவரிசையில் ஒரு தடவையும் உயர்ந்த அலைவரிசையில் ஒரு தடவையும் அளக்க வேண்டும். தாழ்ந்ததில் பலமாகவும் உயர்ந்ததில் மெலிந்தும் இருந்தால் அதற்குச் சரிவு அதிகம் என்பார்கள். சரிவு அதிகமானால் அலைகள் பரந்த இடத்திலிருந்து வருகின்றன; காற்று மோதும் இடம் அப்படிப்பட்டது. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே பலம் என்றால், கருந்துளையை ஒட்டிய மிகச் சின்ன இடம். பவுனு அளந்த அறுபத்தொரு குவேஸார்களில் நாற்பத்தேழுக்குச் சரிவு அதிகம். அந்த நாற்பத்தேழுதான் அவளுடைய ஆய்வேடு.

"இந்த வட்டத்தப் பாருங்க மாமா," என்று மடிக்கணினியைத் திருப்பினாள். "புணே பக்கத்துல முப்பது டிஷ்ஷும் சேந்து தாழ்ந்த அலைவரிசையில ஒரே சமயத்துல பாத்த வானம். ஒவ்வொரு குவேஸாருக்கும் தனியா நேரம் குடுக்க மாட்டாங்க. ஒரு வட்டத்துல நாலஞ்சு மாட்டும். நட்டநடுவுல இருக்கிறது நல்லாக் கேக்கும். ஓரத்துக்குப் போவப் போவக் காது மந்தமாவும். அதனால ஓரத்துல இருக்கிறத, அந்த மந்தத்துக்குத் தக்கபடி பெருக்கிச் சரி பண்ணணும். விளிம்புன்னா ரெண்டால பெருக்கணும்."

"எங்க ஆன்டெனாவுக்கும் அந்தச் சமாச்சாரம் உண்டு," என்றான் ராஜவேல். "யாரு பெருக்குனது?"

"நான்தான்."

"மாதுரி பெருக்கலையே?"

மாதுரி அவளோடு ஆராய்ச்சி செய்த பெண். கட்டுரையின் இரண்டாவது ஆசிரியை. அந்தக் கட்டுரையின் பலத்தில் ஹாலந்தில் வேலை கிடைத்துப் போயிருந்தாள். தொலைநோக்கியிலிருந்து வந்த மூலத் தரவைப் படமாக மாற்றியது அவள். படத்தில் குவேஸார்களை அளந்தது பவுனு.

"அவ பெருக்கியிருந்தா சொல்லியிருப்பா மாமா."

"எழுதி வெச்சிருக்காளா?"

"எதுக்கு எழுதறது? பக்கத்துப் பக்கத்து நாற்காலியிலதான உக்காந்திருந்தோம்."

ராஜவேல் வெங்காயத்தைக் கீழே வைத்தான். "எங்க யூனிட்ல ஒரு திருகாணியத் தொட்டாக்கூட ரெஜிஸ்டர்ல எழுதி, இன்னொருத்தன் பாத்து, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். ஏன் தெரியுமா? சோம்பேறிங்களுக்காக இல்ல. சோம்பேறி செய்யாம விட்டா அடுத்த நாளே தெரிஞ்சிபோவும். ரெண்டு பேரும் பொறுப்பானவனா இருந்தா, ரெண்டு பேரும் செஞ்சிடுவான். ஒருத்தன் முறுக்குன போல்ட்ட இன்னொருத்தனும் முறுக்கி, மரை போயி, நாங்க பட்ட பாடு இருக்குதே."

"இது போல்ட் இல்ல மாமா," என்று பவுனு சிரித்தாள். கொஞ்சம் இளக்காரமான சிரிப்புதான். ஆனால் சிரித்த பிறகு அடுத்த பக்கத்துக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

சோதித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். குவேஸார்கள் நூற்றுக்கணக்கான கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கின்றன. புணேயில் நாம் டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்பினோம் என்பது அவற்றுக்குத் தெரியாது. நம்முடைய வட்டத்தின் நடுவில் விழுந்த குவேஸாருக்கும் ஓரத்தில் விழுந்த குவேஸாருக்கும் சுபாவத்தில் வித்தியாசம் இருக்க நியாயமே இல்லை. நடுவிலிருந்து உள்ள தூரத்தைக் கிடைக்கோட்டிலும் சரிவைச் செங்குத்துக்கோட்டிலும் போட்டு அறுபத்தொரு புள்ளிகளை வைத்தால், அவை மேலும் கீழும் இல்லாமல் மட்டமாகச் சிதறிக் கிடக்க வேண்டும்.

கிடக்கவில்லை. ஓரத்துக்குப் போகப் போகச் சரிவு கூடிக்கொண்டே போயிற்று. அளவுகோலை வைத்து இழுத்த மாதிரி ஒரு சாய்ந்த கோடு. பவுனு அதைப் பார்த்தாள். ஓரத்தில் இரண்டு தடவை பெருக்கியதில் தாழ்ந்த அலைவரிசைப் பலம் பொய்யாகக் கூடி, சரிவும் கூடியிருக்கிறது. கருந்துளைகளாவது, காற்றாவது, அவள் ஐந்து வருடமாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது தன் கைப்பெருக்கலைத்தான்.

"என்ன பவுனு?" என்றான் ராஜவேல்.

"ஒண்ணும் இல்ல. வெங்காயத்த உரிங்க," என்றாள்.

ஹாலந்தில் பொழுது விடியட்டும் என்று காத்திருந்து மாதுரியைக் கூப்பிட்டாள். மாதுரி டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் ஓடிவிடுவாள்.

"அரே, பண்ணினேனே அக்கா," என்றாள் மாதுரி, அது என்ன பெரிய கேள்வி என்பது போல. "படம் பண்ணும்போதே கரெக்ஷன் போட்டேன். எல்லாரும் அப்படித்தானே பண்ணுவா?" பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "நீ மறுபடி போட்டியா?"

"போட்டன்."

"ஹே பகவான்."

இருவருக்கும் அந்த மூன்று வாரங்கள் ஞாபகம் வந்தன. தொலைநோக்கியில் நேரம் வாங்கியவருக்கு அந்தத் தரவு பதினெட்டு மாதம்தான் சொந்தம். பிறகு அது ஊர்ச் சொத்து. உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக் கட்டுரை எழுதலாம். பதினெட்டாவது மாதம் முடிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கடைசி மூன்று வாரம் சோறு தண்ணீர் பாராமல் உழைத்தார்கள். ஒருத்தி களைத்துப்போனால் அவள் வேலையையும் மற்றவள் எடுத்துப்போட்டுக்கொண்டு செய்தாள். அப்படி ஒரு ஒற்றுமை. அந்த ஒற்றுமையின் பலன்தான் இது.

"அக்கா, ப்ளீஸ், ஜல்தி எதுவும் பண்ணாத," என்றாள் மாதுரி. "என்னோட காண்ட்ராக்ட் மே மாசம் ரின்யூ ஆகணும். அடுத்த பேப்பர்ல ‘அளவீட்டை மேம்படுத்தினோம்’னு ஒரு லைன் போட்டுடலாம். எல்லாரும் பண்றதுதான்."

"நான் மொதல்ல எண்ணிப் பாக்கறன்," என்று பவுனு போனை வைத்தாள்.

மூன்று நாள் எண்ணினாள். ஒவ்வொரு குவேஸாரையும் புதிதாக அளந்தாள். இந்தத் தடவை செய்த ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டே செய்தாள். நாற்பத்தேழு இருபதாகச் சுருங்கியது. அறுபத்தொன்றில் மீதி நாற்பத்தொன்றும் மட்டம், இரண்டு அலைவரிசையிலும் ஏறக்குறைய ஒரே பலம். அதாவது அவற்றின் முணுமுணுப்பு பரந்த இடத்திலிருந்து வரவில்லை. காற்று இல்லை.

வியாழக்கிழமை மெட்ரோ பிடித்துக் கரோல் பாகுக்குப் போனாள். அவளுடைய நெறியாளர் கஸ்தூரிரங்கன் அங்கேதான் இருந்தார். அவருடைய அப்பா மத்திய அரசு குமாஸ்தாவாக வந்து வாடகைக்குப் பிடித்த வீட்டின் மேல்மாடி. ஜனவரி முப்பத்தொன்றோடு அவருக்கு ஓய்வு. விடுப்பு மிச்சத்தைத் தீர்ப்பதற்காக வாரத்தில் இரண்டு நாள்தான் துறைக்கு வந்துகொண்டிருந்தார். அவள் நீட்டிய சாய்ந்த கோட்டைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். நல்ல விஞ்ஞானிதான், மூன்றாவது தடவை பார்க்கத் தேவைப்படவில்லை.

"அச்சா. தப்புதான்," என்றார். "நானும் கவனிச்சிருக்கணும். இப்போ என்ன பண்றதா உத்தேசம்?"

"கட்டுரைய வாபஸ் வாங்கணும் சார். நாம மூணு பேரும் சம்மதக் கடிதம் குடுத்தா பத்திரிகைல எடுத்துடுவாங்க."

"வாபஸ் வாங்கிண்டு அந்த இடத்துல என்ன வைப்பே? காத்து இல்லைன்னு சொல்லுவே. சரி, பின்னே என்னன்னு கேப்பாளே?"

"இப்ப தெரியாது சார்."

"தெரியாதுன்னு ஒரு தீசிஸ் எழுதுவியாக்கும்?"

"தெரிஞ்சிக்கிட்டு எழுதுவன்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இதோ பாரும்மா. இருபது மிச்சம் இருக்கோன்னோ? அந்த இருபதுல காத்துதானே? அதை வெச்சுண்டு கருத்தரங்குல பேசு. தீசிஸைக் குடு. ஆத்துக்காரரோட ஊருக்குக் கிளம்பு. மிச்சத்தை மெள்ள எழுதிக்கலாம். இதுல பொய் ஒண்ணும் இல்லையே."

உண்மையில் அதில் பொய் இல்லை. அதுதான் அதன் ஆபத்து. பவுனுவுக்கு ஆசையாக இருந்தது. இல்லை என்று சொன்னால்தான் பொய். ஏப்ரலில் ஜோர்ஹாட், ஒரே வீடு, காலையில் எழுந்தால் பக்கத்தில் ராஜவேல். இருபது என்ற எண்ணை மட்டும் சொன்னால் அத்தனையும் கிடைத்துவிடும். அவள் கையிலிருந்த காப்பி ஆறுகிறவரை யோசித்தாள்.

"இருபதச் சொல்லிட்டு நாப்பத்தொண்ண மறைச்சா, அது பொய்தான் சார்," என்றாள் கடைசியில். "தரவு இப்ப எல்லாருக்கும் தொறந்து கெடக்குது. யாரோ ஒரு நாள் அதே கோட்டப் போடுவாங்க. அவங்க போடறதுக்காக நான் பயந்துக்கிட்டு இருக்க முடியாது. நானே போட்டுட்டன்."

பிறகு தன் திட்டத்தைச் சொன்னாள். நாற்பத்தொன்றும் மட்டம் என்றால், அலை வருவது சின்ன இடத்திலிருந்தாக இருக்க வேண்டும். சின்ன இடமா என்று சோதிக்க வழி இருக்கிறது. ஒரு விண்மீன் மண்டலத்தை ஒளி கடந்து போகவே ஆயிரக்கணக்கான வருடம் ஆகும். அத்தனை பெரிய பொருள் இரண்டு மூன்று வருடத்தில் பிரகாசம் மாற முடியாது. கருந்துளையை ஒட்டிய சின்ன இடமானால் மாறலாம். நாற்பத்தொன்றில் பலமான பதினொன்றை எடுத்து, இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அதே வட்டங்களில் உள்ள சாதாரண மண்டலங்களையும் கூடவே அளக்க வேண்டும். அவையும் மாறியிருப்பதாகத் தெரிந்தால் கோளாறு மறுபடியும் நம் கணக்கில்தான். புதிய நேரம் கேட்டு விண்ணப்பிக்க ஆறு நாள் இருக்கிறது. நேரம் செப்டம்பரில் கிடைக்கலாம். எல்லாம் முடிய டிசம்பர் ஆகிவிடும்.

"மாறலைன்னா?"

"மாறலைன்னு எழுதுவன். அதுவும் ஒரு பதில்தான சார்."

கஸ்தூரிரங்கன் ஜன்னல் பக்கம் பார்த்தார். "அதுதான் என் பேர் போட்ட கடைசி பேப்பர். ஃபேர்வெல்ல எல்லாரும் அதைப் பத்திப் பேசறதா இருந்தா," என்றார். அதைக் கேட்கப் பவுனுவுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அவர் பெருமூச்சு விட்டார். "டீக் ஹை, சரி. மாதுரி சம்மதிச்சா நானும் கையெழுத்துப் போடறேன். அவளைக் கேட்டுக்கோ."

பந்தை மாதுரி பக்கம் தள்ளிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று அவர் நினைத்திருப்பார். அன்றிரவே பவுனு கேட்டு எழுதினாள்; மறுநாள் மாதுரியிடமிருந்து கடிதம் வந்தது. சம்மதம். கூடவே, படம் செய்தபோது கணினி எழுதி வைத்த பதிவும், அதன் மேல் ஆங்கிலத்தில் ஒரு வரியும்: ‘முதல் திருத்தத்தைச் செய்துவிட்டுச் சொல்லாமல் இருந்தது நான்.’ அங்கே தன் மேலதிகாரியிடமும் சொல்லிவிட்டாளாம். அழுதுவிட்டாளாம். வேலை என்ன ஆகும் என்று மே மாதம்தான் தெரியுமாம். பவுனு அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். தன்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணை இப்போதுதான் தங்கையாக நினைத்தாள்.

ராஜவேலிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும் விடச் சிரமமாக இருந்தது. சனிக்கிழமை, அவன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கீழே இறங்கிப் போய்ச் சொன்னாள். அவன் துடைப்பதை நிறுத்தவில்லை.

"டிசம்பர் வரைக்குமா?"

"ஆமா. அதுக்கு மேல எழுதறதுக்கு ஒரு மாசம்."

"ஒரு கேள்வி கேட்டன். அதுக்கு ஒரு வருசம் தண்டனையா?"

"உங்களுக்கு இல்ல மாமா, எனக்கு."

"எனக்கு இல்லையா? அங்க சமைச்சித் தின்னுட்டுத் தனியாப் படுக்கப் போறது யாரு?" குரல் ஏறியது. பெட்டிக்கடைக்காரன் திரும்பிப் பார்த்தான். "உங்க சார் விடுன்னு சொல்றாரு. அந்தப் பொண்ணு விடுன்னு சொல்லிச்சி. படிச்சவங்க அத்தினி பேரும் ஒரு வழி சொல்றாங்க. உனக்கு மட்டும் என்ன?"

"நீங்களும் சொல்றீங்களா, விடுன்னு?"

அவன் துணியை உதறிக் கைப்பிடியில் போட்டான். "நான் சொன்னா விட்டுடப் போறியா? மாட்ட. அதான் கோவம்," என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டான்.

இரண்டு நாள் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைப்பான், எடுத்துக்கொண்டு போவான். பவுனு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து தொலைநோக்கி விண்ணப்பத்தை எழுதினாள். அவளுக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே எழுதினாள். கடைசி நாளுக்கு ஒரு நாள் முன்பாகவே அனுப்பிவிட்டாள்.

கருத்தரங்குக்கு அறை நிறைந்திருந்தது. கஸ்தூரிரங்கனின் கடைசி மாணவி என்பதால் மற்ற துறைக்காரர்களும் வந்திருந்தார்கள். எல்லோரும் எதிர்பார்த்தது அந்தப் பிரசித்தமான நாற்பத்தேழை. பவுனு முதல் படமாகவே சாய்ந்த கோட்டைப் போட்டாள்.

"இது நான் வெளியிட்ட கட்டுரை," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "இது ஏன் தவறு என்பதை முதல் பத்து நிமிடம் சொல்லப்போகிறேன்."

எங்கே இரண்டு தடவை பெருக்கப்பட்டது, எப்படித் தெரிந்தது, எண்கள் எப்படி மாறின என்று ஒன்றையும் விடாமல் சொன்னாள். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். முடிந்ததும் முன் வரிசையில் இருந்த ஒரு பேராசிரியர், "ஆக, உங்கள் முடிவு என்ன?" என்று கேட்டார்.

"டிசம்பரில் சொல்கிறேன்," என்றாள்.

அவர் கேலி செய்கிறாளோ என்று பார்த்தார். அவள் கேலி செய்யவில்லை. தேதி சொன்னாள், அவ்வளவுதான். கஸ்தூரிரங்கன் எழுந்து போய் ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டார். ஆனால் அன்று மாலையே கையெழுத்திட்ட கடிதத்தைக் கொடுத்துவிட்டார். கட்டுரை வாபஸானது.

மார்ச் கடைசியில் ராஜவேல் ஜோர்ஹாட் கிளம்பினான். அதற்குள் பேச்சு வந்துவிட்டிருந்தது. ஆனால் அளந்து வைத்த பேச்சு. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, மழைதான். குக்கரை அவன் கொண்டுபோனான், மிக்ஸி இங்கேயே இருந்துவிட்டது. பவுனுவின் உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிந்தது. லோதி ரோட்டில் தமிழ் சொல்லித்தரும் பள்ளி ஒன்றில் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கச் சேர்ந்தாள். காலையில் பள்ளி, மத்தியானத்துக்கு மேல் துறை. மே மாதம் மாதுரிக்கு இன்னும் ஒரு வருடம் வேலை நீட்டித்தார்கள் என்று செய்தி வந்தது. அன்று மட்டும் பவுனு வகுப்பில் பிள்ளைகளை வீட்டுப்பாடம் இல்லாமல் அனுப்பினாள்.

விண்ணப்பம் தேறியது. செப்டம்பரில் டிஷ்கள் பதினோரு குவேஸார்களையும் மறுபடி பார்த்தன. தரவு வந்தது. இந்தத் தடவை டெல்லியில் பவுனுவும் ஹாலந்தில் மாதுரியும் ஒருவர் செய்ததை ஒருவர் பார்க்காமல், எல்லாவற்றையும் தனித்தனியே முழுதாகச் செய்வது, கடைசியில் ஒப்பிடுவது என்று ஏற்பாடு. வேகமாகச் செய்யவும் கூடாது என்று சபதம். அதை நவம்பர் கடைசிவரை காப்பாற்றினார்கள்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளியில் மதிய இடைவேளை. ஆசிரியர் அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து பவுனு இரண்டு பேருடைய எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முதல் குவேஸார் மாறவில்லை. இரண்டாவதும் மாறவில்லை. ஒரு வருடம், ஒரு மனுஷனுடைய கோபம், ஒரு மனுஷரின் கடைசிக் கட்டுரை, ஒரு பெண்ணின் வேலை. எதற்கு, ஒன்றும் மாறவில்லை என்று எழுதுவதற்கா? எழுதத்தான் வேண்டும் என்றால் எழுதுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதைத் திறந்தாள்.

மூன்றாவது பாதியாகக் குறைந்திருந்தது. நாலாவது கூடியிருந்தது. ஐந்தாவது இரண்டு மடங்காகியிருந்தது. மாதுரியின் எண்ணும் அதையே சொன்னது. பதினொன்றில் ஒன்பது மாறியிருந்தன. அதே வட்டங்களில் இருந்த சாதாரண மண்டலங்கள் அப்படியே, அசையாமல், உத்தமமாக இருந்தன. அந்த முணுமுணுப்பு கருந்துளையின் வாசலிலிருந்தே வந்துகொண்டிருக்கிறது. அது சூடான மேகமா, குட்டித் தாரையின் அடிவேரா என்று இன்னும் சொல்ல முடியாது. ஆனால் எங்கிருந்து என்று சொல்லலாம். அவள் எழுந்து வெளியே வந்து, ராஜவேலுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

அவன் ஷிப்ட் முடிந்து கூப்பிட்டான். "என்ன ஆச்சி?"

"ஒம்பது மாறியிருக்குது மாமா."

"பதினொண்ணுலயா?"

"பதினொண்ணுல."

"அப்ப காத்து இல்ல?"

"காத்து இல்ல. நான் எழுதுனது தப்பு. சுத்தத் தப்பு!" என்று கத்தினாள். பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு அரசு ஊழியர்கள், தப்பு செய்துவிட்டு இத்தனை சந்தோஷப்படும் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பக்கம் ராஜவேல் சிரிப்பது கேட்டது. பத்து மாதத்தில் அந்தச் சிரிப்பை அவள் கேட்டிருக்கவில்லை. பிறகு அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கறன். ஒண்ணுமே மாறாம இருந்திருந்தா?"

"அதையும்தான் எழுதியிருப்பன்."

"இந்த வருசம் மொத்தமும் போயிருக்குமே, பவுனு."

"போயிருக்கும்," என்றாள். அவன் மறுபடி கோபிக்கப் போகிறான் என்று நினைத்து, அதற்கும் தயாராக நின்றாள்.

"அப்படி ஆச்சின்னா உங்கிட்ட என்ன சொல்லணும்னு நான் இங்க வந்த அன்னைக்கே முடிவு பண்ணி வெச்சிருந்தன்," என்றான் ராஜவேல். "பரவால்ல, எழுது, அதுவும் பதில்தான், நான் இருக்கறன்னு. தெனமும் போன் போடறப்ப அதத்தான் வாயில வெச்சிருந்தன். சொல்ல வேண்டியதே இல்லாமப் போச்சி."

அவளுடைய பஸ் வந்து நின்றது. நடத்துனர் உள்ளிருந்து, ஏறுகிறீர்களா இல்லையா என்று ஹிந்தியில் கத்தினார். பவுனு இல்லை என்று கையை ஆட்டினாள்.

"இப்ப சொல்லுங்க மாமா," என்றாள்.